டேலி கணக்கும் படங்களும் அழியாமல் விண்டோஸ் 11 உடன் லினக்ஸ் மின்ட் நிறுவுவது எப்படி?

குமரிக்கரை எழுதியது:

வணக்கம். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் பொதுவாக ஒரே மடிக்கணினிதான் இருக்கிறது. 512 ஜிபி எஸ்எஸ்டி, 16 ஜிபி ரேம், வாங்கும்போதே நிறுவப்பட்டு வந்த விண்டோஸ் 11 ஹோம். சி டிரைவைத் தவிர வேறு டிரைவ் கிடையாது. அதன் மொத்த அளவு 475 ஜிபி என்று காட்டுகிறது, அதில் ஏறத்தாழ 210 ஜிபி நிறைந்திருக்கிறது. என் மனைவி சில தையலகங்களுக்கு டேலியில் கணக்கு எழுதிக் கொடுக்கிறார். குடும்பப் படங்களும் இதில்தான் இருக்கின்றன. இவை போனால் திரும்பக் கிடைக்க வழியில்லை.

நான் ஒரு கல்லூரியில் இயற்பியல் கற்பிக்கிறேன். வரும் பருவத்தில் எண்முறைக் கணக்கீட்டுப் பாடத்தை ஃபோர்ட்ரானிலும் பைத்தானிலும் நடத்த வேண்டும். ஆய்வகக் கணினிகள் எல்லாவற்றிலும் லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளம் இருப்பதால் வீட்டிலும் அதையே வைத்துக்கொள்ள விரும்புகிறேன். டேலிக்காக விண்டோஸும் இருந்தாக வேண்டும். ஒரு கடையில் கேட்டபோது, எல்லாவற்றையும் ஃபார்மேட் செய்துவிட்டு இரண்டையும் புதிதாகப் போட்டுத் தருவதாகச் சொன்னார்கள். அதற்கு மனம் ஒப்பவில்லை.

நானே டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்து சி டிரைவைச் சுருக்கிப் பார்க்கலாம் என்று போனேன். 260 ஜிபிக்கு மேல் காலியாக இருந்தும், சுருக்கக்கூடிய அளவு வெறும் 18 ஜிபி என்று காட்டுகிறது. இது ஏன்? இதற்கென்று விற்கப்படும் பார்ட்டிஷன் (வட்டைப் பகுதிகளாகப் பிரிக்கும்) மென்பொருள் ஏதேனும் வாங்க வேண்டுமா? இன்னொன்றையும் கவனித்தேன்: சி டிரைவின் படத்தில் ஒரு சிறிய பூட்டு தெரிகிறது. நான் எந்தப் பூட்டும் போட்டதாக நினைவில்லை.

காவிரிக்கரையான் எழுதியது:

ஐயா, ஃபார்மேட் செய்யத் தேவையே இல்லை. மென்பொருளும் வாங்க வேண்டாம். ஆனால் 18 ஜிபியை விட முதலில் கவனிக்க வேண்டியது, நீங்கள் கடைசியாகச் சொன்ன அந்தப் பூட்டுதான்.

அது பிட்லாக்கர் குறியாக்கம், அதாவது வட்டில் உள்ளதைச் சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றி வைப்பது. விண்டோஸ் 11 ஹோம் பதிப்பில் இதற்கு டிவைஸ் என்க்ரிப்ஷன் என்று பெயர். மைக்ரோசாஃப்ட் கணக்கைக் கொண்டு முதல் முறை உள்நுழையும்போதே பல மடிக்கணினிகளில் இது தானாக இயங்கத் தொடங்கிவிடுகிறது. விண்டோஸ் 11இன் 24ஹெச்2 பதிப்பிலிருந்து இது இன்னும் பரவலாகிவிட்டது. சாதாரண நாள்களில் கணினியில் உள்ள டிபிஎம் என்ற பாதுகாப்புச் சில்லு சாவியைத் தானே எடுத்துக் கொடுத்துவிடுவதால், பூட்டு இருப்பதே நமக்குத் தெரிவதில்லை. பயாஸில் (விண்டோஸ் தொடங்கும் முன் திறக்கும் கணினியின் அடிப்படை அமைப்புத் திரையில்) ஏதேனும் ஒரு அமைப்பை மாற்றினாலோ, கணினி தொடங்கும் முறை மாறினாலோ, அந்தச் சில்லு சாவியைத் தர மறுத்து 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். அந்தச் சாவி கையில் இல்லையென்றால் வட்டு நன்றாக இருந்தும், கோப்புகள் எல்லாம் இருந்தும், ஒன்றையும் திறக்க முடியாது. இரட்டை இயங்குதளம் நிறுவப் போய் எல்லாம் போய்விட்டது என்று வருந்துகிறவர்களில் ஒரு பகுதியினருக்கு உண்மையில் எதுவும் அழிந்திருக்காது, சாவிதான் இருக்காது.

ஆகவே முதல் வேலையாக, இந்தக் கணினியில் எந்த மைக்ரோசாஃப்ட் கணக்கு இருக்கிறதோ அதற்குள் இணையம் வழியாகச் சென்று, சாதனங்கள் பகுதியில் மீட்புச் சாவியைப் பாருங்கள். வீட்டில் முதலில் உள்நுழைந்தவர் வேறொருவராக இருந்தால் சாவி அவருடைய கணக்கில் இருக்கக்கூடும் என்பதையும் மறந்துவிட வேண்டாம். ஒன்றுக்கு மேற்பட்ட சாவிகள் இருந்தால், சாவி அடையாள எண்ணின் முதல் 8 எழுத்துகளை ஒப்பிட்டு உரியதைக் கண்டுபிடிக்கலாம். அதைத் தாளில் எழுதி வையுங்கள். இதே கணினியில் ஒரு கோப்பாகச் சேமித்து வைப்பதில் பயனில்லை.

அடுத்தது பேக்கப். வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்று, 1 டிபி அளவில், கட்டாயம் வேண்டும். டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் ஆகிய மூன்றையும் நகலெடுத்துவிட்டு எல்லாம் முடிந்தது என்று நினைத்துவிடக் கூடாது, ஏனென்றால் டேலி பிரைமின் தரவு பெரும்பாலும் அந்தக் கோப்புறைகளில் இருப்பதில்லை. பயனர்கள் கோப்புறைக்குள் பப்ளிக் என்ற பொதுக் கோப்புறையில் இருக்கும், அல்லது நிறுவியவர் விருப்பப்படி வேறெங்கோ இருக்கும். டேலிக்குள்ளேயே நிறுவனத் தேர்வுத் திரையில் தரவு இருக்கும் பாதை தெரியும். அதோடு டேலியின் சொந்த பேக்கப் வசதியையும் பயன்படுத்தி, அந்த பேக்கப்பை வேறொரு கணினியில் மீட்டெடுத்துக் கணக்கு திறக்கிறதா என்று உங்கள் மனைவியை ஒரு முறை பார்க்கச் சொல்லுங்கள். ஒன்டிரைவ் இருக்கிறதே என்று இருந்துவிட வேண்டாம். இங்கே அழிந்தது அங்கேயும் அழியும்.

கோப்புகள் வெளி வட்டுக்குப் போன பிறகு, அமைப்புகளில் தனியுரிமை, பாதுகாப்புப் பகுதிக்குச் சென்று டிவைஸ் என்க்ரிப்ஷனை நிறுத்துங்கள். குறியாக்கத்தை அவிழ்க்க நேரமாகும். சார்ஜரை எடுக்காமல், முழுதும் முடியும் வரை விட்டுவிடுங்கள். அதன் பிறகு ரெஸ்க்யூசில்லா அல்லது க்ளோன்சில்லா என்ற வட்டு நகலெடுக்கும் கருவியைப் பென்டிரைவிலிருந்து இயக்கி, முழு எஸ்எஸ்டியின் பிம்பம் (உள்ளபடியே முழு நகல்) ஒன்றையும் அதே வெளி வட்டில் எடுத்து வைக்கலாம். வரிசையை மாற்றாதீர்கள் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு: குறியாக்கம் இருக்கும்போது பிம்பம் எடுத்தால், எது கோப்பு எது காலியிடம் என்று அந்தக் கருவிக்குத் தெரியாது, 475 ஜிபியையும் அப்படியே அள்ளும். அவிழ்த்த பிறகு எடுத்தால் நிறைந்திருக்கும் 210 ஜிபியை மட்டும் சுருக்கிச் சேமிக்கும். கோப்பு நகல் உங்கள் தரவுக்கு. பிம்பம் விண்டோஸ், டேலி உரிமம், எல்லா அமைப்புகளும் உள்ளபடியே திரும்புவதற்கு. இரண்டும் வேறு வேறு வேலைகள்.

இனி அந்த 18 ஜிபி பற்றிச் செம்பருத்தி அம்மா நன்றாக விளக்குவார். அவர் இதைப் பலருக்குச் செய்து கொடுத்தவர்.

செம்பருத்தி எழுதியது:

காவிரிக்கரையான் என்னை மாட்டிவிட்டார், சரி, சொல்கிறேன்.

விண்டோஸ் ஒரு பார்ட்டிஷனைச் சுருக்கும்போது, அதன் கடைசிப் பகுதியில் இருக்கும் கோப்புகளை முன்பக்கம் நகர்த்திவிட்டுத்தான் வாலை வெட்டும். இயங்கிக்கொண்டிருக்கும் விண்டோஸால் நகர்த்த முடியாத கோப்புகள் சில உண்டு. அவற்றில் ஒன்று நடுவில் எங்கேனும் உட்கார்ந்திருந்தால், அதற்கு முன்னால் எத்தனை ஜிபி காலியாக இருந்தாலும் அதைத் தாண்டி வெட்ட முடியாது. உங்கள் கணினியில் அப்படி ஒன்று வட்டின் கடைக்கோடியில், முடிவிலிருந்து 18 ஜிபி தள்ளி இருக்கிறது. அவ்வளவுதான் செய்தி.

பெரும்பாலும் குற்றவாளிகள் மூவர்: உறக்கநிலைக் கோப்பு (கணினி உறங்கும்போது ரேமில் உள்ளதை எழுதி வைப்பது), பக்கக் கோப்பு (ரேம் போதாதபோது துணைக்குப் பயன்படுவது), சிஸ்டம் ரெஸ்டோருக்காகச் சேமித்த மீட்புப் புள்ளிகள். எது என்று ஊகிக்கவும் வேண்டாம். சுருக்கப் பார்த்த உடனே ஈவென்ட் வியூவரைத் திறந்து, அப்ளிகேஷன் பதிவில் 259 என்ற எண்ணுள்ள நிகழ்வைத் தேடினால், நகர மறுத்த கடைசிக் கோப்பின் பெயரை விண்டோஸே எழுதி வைத்திருக்கும். இவ்வளவு பயனுள்ள தகவலை இவ்வளவு ஒளித்து வைத்திருப்பது ஏன் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

உறக்கநிலையை நிறுத்த, நிர்வாகி உரிமையோடு கட்டளைச் சாளரத்தைத் திறந்து பவர்சிஎஃப்ஜி கட்டளையை ஹெச் ஆஃப் என்ற தெரிவோடு கொடுக்க வேண்டும். இதில் ஒரே கல்லில் இரண்டு மாங்காய்: உறக்கநிலைக் கோப்பு நீங்குவதோடு ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பும் நின்றுவிடும். விண்டோஸ் 8 காலத்தில் வந்த இந்த ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இருக்கும் வரை, நீங்கள் ஷட்டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுதாக அணைவதில்லை. கருநிரலின் (விண்டோஸின் மையப் பகுதியின்) நிலையை வட்டில் எழுதிவிட்டு அரைத் தூக்கத்தில் இருக்கும். அந்த நேரத்தில் லினக்ஸிலிருந்து சி டிரைவில் ஏதேனும் எழுதினால் கோப்பு முறைமை குழம்பும் என்பதால், லினக்ஸ் அதைப் படிக்க மட்டுமே அனுமதிக்கும், அல்லது திறக்கவே மறுக்கும். இரட்டை இயங்குதளம் வைத்திருக்கும் வரை ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் அணைந்தே இருக்கட்டும். எஸ்எஸ்டி உள்ள கணினியில் அதனால் மிச்சமாவது சில வினாடிகள்தான்.

அதன் பிறகு சி டிரைவுக்கான சிஸ்டம் புரொடெக்ஷனை நிறுத்தி மீட்புப் புள்ளிகளை நீக்குங்கள். பக்கக் கோப்பையும் தற்காலிகமாக வேண்டாம் என்று அமைத்து, கணினியை மறுதொடக்கம் செய்யுங்கள். 16 ஜிபி ரேம் இருப்பதால் சிறிது நேரம் பக்கக் கோப்பு இல்லாமல் இருப்பதில் பிரச்சினை வராது. இப்போது சுருக்கிப் பாருங்கள். மின்ட்டுக்கு 20 ஜிபி போதும் என்று அதன் ஆவணங்களில் இருக்கும், ஆனால் அங்கேயே பரிந்துரைக்கும் அளவு 100 ஜிபி. நீங்கள் 1,02,400 எம்பி என்று கொடுங்கள். கிடைக்கும் காலியிடத்தை விண்டோஸில் ஃபார்மேட் செய்யாமல், ஒதுக்கப்படாத இடமாகவே விட்டுவிட வேண்டும். வேலை முடிந்ததும் பக்கக் கோப்பையும் சிஸ்டம் புரொடெக்ஷனையும் பழையபடி ஆக்கிவிடுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் நகரவில்லையென்றால், லினக்ஸ் லைவ் பென்டிரைவில் (நிறுவாமலே லினக்ஸை இயக்குவது) உள்ள ஜிபார்ட்டெட் என்ற பார்ட்டிஷன் கருவியைக் கொண்டு வெளியிலிருந்து சுருக்கலாம். அப்போது விண்டோஸ் இயங்கவில்லை என்பதால் நகராத கோப்பு என்ற தடை பெரும்பாலும் எழாது. ஆனால் நடுவில் மின்சாரம் போனால் வம்பு. மடிக்கணினி பேட்டரி நன்றாக இருக்கும்போது, பேக்கப் எடுத்த பிறகு மட்டுமே செய்ய வேண்டியது.

பனைநிழல் எழுதியது:

எல்லாம் சரி, ஆனால் இவ்வளவு வேலையும் தேவைதானா என்று ஒரு முறை யோசியுங்கள் ஐயா. ஃபோர்ட்ரானும் பைத்தானும் மட்டும்தான் தேவை என்றால், விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை இயக்கும் டபிள்யூஎஸ்எல் 2 வசதியை நிறுவி அதில் உபுண்டு என்ற லினக்ஸை ஓட்டலாம். வட்டின் பார்ட்டிஷன்களைத் தொடவே வேண்டாம். மின்ட்டின் முகப்பும் வேண்டுமென்றால் விர்ச்சுவல்பாக்ஸ் என்ற மெய்நிகர் கணினி மென்பொருளில் 16 ஜிபி ரேமுக்கு அது தாராளமாக ஓடும். ஈடு செய்ய முடியாத தரவு இருக்கும் ஒரே கணினியில் நானாக இருந்தால் இதைத்தான் முதலில் முயல்வேன்.

குமரிக்கரை எழுதியது:

மூவருக்கும் நன்றி. பனைநிழல் சொன்னதில் நியாயம் இருக்கிறது. ஆனால் மாணவர்கள் தங்கள் மடிக்கணினிகளில் மின்ட் நிறுவ உதவி கேட்கிறார்கள். நானே செய்து பார்க்காமல் அவர்களுக்குச் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

இதுவரை செய்தவை: மீட்புச் சாவி என் மனைவியின் கணக்கில் இருந்தது, எழுதி வைத்துவிட்டோம். டேலி பேக்கப்பை அவருடைய தோழியின் கணினியில் மீட்டெடுத்துச் சரிபார்த்தார். குறியாக்கம் நீங்கியது. 259ஆம் நிகழ்வில் உறக்கநிலைக் கோப்பின் பெயர்தான் இருந்தது. அதை நீக்கியதும் 200 ஜிபிக்கு மேல் சுருக்கலாம் என்று காட்டியது. 100 ஜிபி மட்டும் எடுத்துக்கொண்டேன்.

இப்போது புதிய சிக்கல். மின்ட் பென்டிரைவிலிருந்து கணினி நன்றாகத் தொடங்குகிறது. வைஃபை, ஒலி, தொடுபலகை எல்லாம் வேலை செய்கின்றன. ஆனால் வட்டுகளின் பட்டியலில் பென்டிரைவ் மட்டுமே தெரிகிறது. எஸ்எஸ்டியே இல்லை. விண்டோஸ் வழக்கம்போல் தொடங்குகிறது. மனைவி என்னைப் பார்க்கும் பார்வை சரியில்லை.

செம்பருத்தி எழுதியது:

பதறாதீர்கள், வட்டு அங்கேதான் இருக்கிறது. இன்டெல் சிப்புகள் உள்ள பல மடிக்கணினிகளில், எஸ்எஸ்டியை நேரடியாகக் காட்டாமல் இன்டெல் ஆர்எஸ்டி என்ற இடைநிலையின் பின்னால் வைத்து அனுப்புகிறார்கள். பயாஸில் ஸ்டோரேஜ் பகுதியில் ஆர்எஸ்டி அல்லது ரெய்டு என்றோ, புதிய கணினிகளில் விஎம்டி என்றோ இருக்கும். விண்டோஸில் அதற்கான டிரைவர் முன்கூட்டியே இருப்பதால் அதற்குத் தெரிகிறது, லினக்ஸுக்குத் தெரியவில்லை. அதை ஏஹெச்சிஐ (வட்டை நேரடியாகக் காட்டும் முறை) என்று மாற்ற வேண்டும், விஎம்டி என்றால் அணைக்க வேண்டும்.

ஆனால் நேரே போய் மாற்றிவிடக் கூடாது. மாற்றினால் விண்டோஸ் தொடங்கும்போது, தொடக்க வட்டை அணுக முடியவில்லை என்ற பொருளுள்ள நீலத்திரை வரும். அப்படி வந்தாலும் தரவுக்கு ஒன்றும் ஆகாது, பயாஸில் பழையபடி மாற்றினால் விண்டோஸ் திரும்பிவிடும். இருந்தாலும் வீட்டில் அந்த நீலத்திரையைக் காட்டாமல் இருப்பது உங்களுக்கு நல்லது.

முறை இது. விண்டோஸில் சிஸ்டம் கான்ஃபிகரேஷனைத் திறந்து, பூட் தாவலில் சேஃப் பூட் என்பதைத் தேர்ந்தெடுங்கள். மறுதொடக்கம் செய்து, விண்டோஸ் தொடங்குவதற்கு முன்பே பயாஸுக்குள் சென்று ஏஹெச்சிஐக்கு மாற்றிச் சேமியுங்கள். விண்டோஸ் இப்போது சேஃப் மோடில் தொடங்கும். அந்த நிலையில் அது ஏஹெச்சிஐ டிரைவரைத் தானே எடுத்துக்கொள்ளும். பிறகு சேஃப் பூட்டை நீக்கிவிட்டு இன்னொரு முறை தொடங்கினால் வேலை முடிந்தது. தொடங்கும் முன் ஒன்றை உறுதி செய்யுங்கள்: சேஃப் மோடில் சில கணினிகள் நான்கு இலக்க பின் எண்ணை ஏற்காமல் மைக்ரோசாஃப்ட் கணக்கின் முழுக் கடவுச்சொல்லைக் கேட்கும். அது நினைவில் இருக்கட்டும். ஆப்டேன் நினைவகம் (வட்டை வேகப்படுத்த இன்டெல் தந்தது) உள்ள கணினியாக இருந்தால் அதை விண்டோஸிலேயே முதலில் முடக்க வேண்டும். இரண்டு வட்டுகளை ரெய்டாக இணைத்திருந்தால் இந்த வழி அறவே கூடாது. உங்களுக்கு இரண்டும் இல்லை என்று நினைக்கிறேன். குறியாக்கத்தை ஏற்கெனவே அவிழ்த்துவிட்டதால், பயாஸ் மாற்றத்துக்கு மீட்புச் சாவியும் கேட்காது.

காவிரிக்கரையான் எழுதியது:

வட்டு தெரிந்த பிறகு நிறுவியைத் தொடங்குவதற்கு முன் வெளி ஹார்ட் டிஸ்கைக் கழற்றி அலமாரியில் வையுங்கள். இணைக்கப்படாத வட்டைத் தவறுதலாகக் கூட யாராலும் அழிக்க முடியாது.

கணினி தொடங்கும்போது வரும் பூட் பட்டியலில் ஒரே பென்டிரைவ் இரண்டு முறை தெரிந்தால், யுஇஎஃப்ஐ (கணினி தொடங்கும் புதிய முறை) என்ற சொல் உள்ளதைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். விண்டோஸ் 11 அந்த முறையில்தான் நிறுவப்பட்டிருக்கிறது. மின்ட் பழைய முறையில் தொடங்கினால் இரண்டும் ஒரே பட்டியலில் சேராது. செக்யூர் பூட்டை (சரிபார்த்த தொடக்க நிரல்களை மட்டும் அனுமதிக்கும் பாதுகாப்பை) அணைக்கச் சொல்லும் பழைய காணொளிகளைப் பின்பற்ற வேண்டியதில்லை, மின்ட் 22 அது இயங்கும்போதே நிறுவப்படும்.

நிறுவும் வகை கேட்கும் திரைதான் உண்மையில் ஆபத்தான ஒரே திரை. விண்டோஸுடன் சேர்த்து நிறுவு என்பது இருந்தால் அதையே தேர்ந்தெடுக்கலாம், ஆனால் அது எந்த இடத்தை எடுக்கப் போகிறது என்பதைப் படித்துப் பாருங்கள். வட்டை அழித்து நிறுவு என்பது முழு எஸ்எஸ்டியையும் அழிக்கும், விண்டோஸ் பகுதியை மட்டும் விட்டுவைக்காது. நான் பரிந்துரைப்பது கடைசியில் உள்ள சம்திங் எல்ஸ். அதில் உங்கள் வட்டின் வரைபடம் தெரியும்: 100 முதல் 260 எம்பி வரையிலான இஎஃப்ஐ பார்ட்டிஷன், 16 எம்பி அளவில் மைக்ரோசாஃப்ட்டுக்கு ஒதுக்கியது, சி டிரைவ், நீங்கள் உண்டாக்கிய 100 ஜிபி காலியிடம், அதற்குப் பின் மீட்புப் பார்ட்டிஷன். அந்தக் காலியிடத்தில் மட்டும் லினக்ஸுக்குரிய இஎக்ஸ்டி4 வகையில் ஒரு பார்ட்டிஷன் உண்டாக்கி, அதன் இணைப்பிடமாக ஒற்றைச் சாய்கோட்டைக் கொடுங்கள். இஎஃப்ஐ பார்ட்டிஷனை இஎஃப்ஐ பார்ட்டிஷனாகவே பயன்படுத்தச் சொல்லுங்கள்; அதன் ஃபார்மேட் பெட்டியில் குறி இருக்கவே கூடாது, ஏனென்றால் விண்டோஸைத் தொடங்கி வைக்கும் கோப்புகளும் அதற்குள்தான் இருக்கின்றன. ஸ்வாப்புக்கு (லினக்ஸில் பக்கக் கோப்பின் வேலையைச் செய்வது) தனிப் பார்ட்டிஷன் வேண்டாம். நிறுவு என்று அழுத்தியதும், எந்தெந்தப் பார்ட்டிஷன் மாறப் போகிறது என்ற பட்டியல் ஒன்று வரும். அதில் புதிய இஎக்ஸ்டி4 தவிர வேறு எதற்கும் ஃபார்மேட் என்று இருந்தால் பின்வாங்கிவிடுங்கள். அந்தத் தருணம் வரை வட்டில் எதுவும் எழுதப்படாது.

குமரிக்கரை எழுதியது:

ஏஹெச்சிஐ மாற்றம் செம்பருத்தி அம்மா சொன்னபடியே முடிந்தது, கடவுச்சொல்லும் கேட்டது. மின்ட் நிறுவியாயிற்று. கணினி தொடங்கும்போது க்ரப் என்ற தொடக்கத் தேர்வுப் பட்டியலில் இரண்டும் வருகின்றன. டேலி திறக்கிறது, படங்கள் இருக்கின்றன.

இரண்டு ஐயங்கள். மின்ட்டிலிருந்து விண்டோஸுக்கு வந்தால் கடிகாரம் 5 மணி 30 நிமிடம் பின்தங்கிக் காட்டுகிறது. மேலும், குறியாக்கத்தை இப்போது திரும்பப் போடலாமா?

பனைநிழல் எழுதியது:

கணினியின் பலகையில் உள்ள கடிகாரத்தில் லினக்ஸ் உலகப் பொது நேரத்தை எழுதுகிறது. விண்டோஸ் அதே எண்ணை உள்ளூர் நேரமாகப் படிக்கிறது. இந்திய நேரத்துக்கும் பொது நேரத்துக்கும் உள்ள வேறுபாடுதான் அந்த ஐந்தரை மணி. மின்ட் முனையத்தில் டைம்டேட்சிடிஎல் கட்டளைக்கு செட்-லோக்கல்-ஆர்டிசி என்ற தெரிவைக் கொடுத்து, மதிப்பை 1 என்று வைத்தால் லினக்ஸும் உள்ளூர் நேரத்தையே எழுதும். உங்கள் வீட்டில் இதைத் தள்ளிப்போட வேண்டாம்: காலை ஐந்தரைக்கு முன் கணக்கு எழுத உட்கார்ந்தால் விண்டோஸ் முந்தைய நாளின் தேதியைக் காட்டும்.

காவிரிக்கரையான் எழுதியது:

குறியாக்கம் என் கருத்தில் வேண்டாம். க்ரப் வழியாக விண்டோஸைத் தொடங்கினால் டிபிஎம் அதை வேறு தொடக்க வழியாகக் கண்டு மீட்புச் சாவி கேட்க வாய்ப்பு அதிகம்.

செம்பருத்தி எழுதியது:

இதில் நான் மாறுபடுகிறேன். பிறருடைய வணிகக் கணக்குகள் இருக்கும் மடிக்கணினி பேருந்தில் தொலைந்தால், எடுத்தவர் அவற்றைத் தடையின்றிப் படிக்கலாம். குறியாக்கத்தைத் திரும்பப் போடுங்கள். ஆனால் விண்டோஸ் வேண்டும்போது க்ரப் வழியாகப் போகாமல், பயாஸின் பூட் பட்டியலில் விண்டோஸ் பூட் மேனேஜரை நேரடியாகத் தேர்ந்தெடுங்கள். அதையே முதல் வரிசையில் வைத்துவிட்டால் உங்கள் மனைவிக்கு எதுவும் மாறியதாகவே தெரியாது. மின்ட் தேவைப்படும் நீங்கள்தான் ஒரு விசை கூடுதலாக அழுத்த வேண்டியிருக்கும். போட்ட பிறகு புதிய மீட்புச் சாவி உருவாகியிருக்கும், பழைய தாள் பயன்படாது; அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

விண்டோஸ் புதுப்பிப்புக்குப் பிறகு என்றேனும் மின்ட் தொடங்கவில்லையென்றால், நிறுவியது அழிந்துவிட்டது என்று மறுபடி நிறுவப் போக வேண்டாம். பெரும்பாலும் தொடக்க வரிசை மாறியிருக்கும், பயாஸில் சரிசெய்யலாம். 2024 ஆகஸ்ட்டில் வந்த ஒரு விண்டோஸ் புதுப்பிப்பு, செக்யூர் பூட் சரிபார்ப்பில் பழைய லினக்ஸ் தொடக்க நிரல்களைத் தடுத்து, பல இரட்டை இயங்குதளக் கணினிகளில் லினக்ஸைத் தொடங்கவிடாமல் செய்தது. அப்போதும் செக்யூர் பூட்டைத் தற்காலிகமாக அணைத்தால் லினக்ஸ் திறந்தது, கோப்புகள் எல்லாம் இருந்தன. அதற்கு முன் பிட்லாக்கர் சாவி கையில் இருக்க வேண்டும் என்பது மட்டும்தான்.